எல்லைக்கல்லான கல்லறை

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணியும் அதனுடன் போயிற்று. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்கு என்று முடிவானதால் அதில் ஒரு தாலுகாவாக இருந்த திருத்தணியை யாரும் தனியாகக் கேட்கவில்லை. குருவராசப்பேட்டையிலிருந்து சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தமிழ் சொல்லிக்கொடுத்துவந்த மங்கலங்கிழார், தமிழரசுக் கழகத்தின் ம.பொ. சிவஞானம், ஊர்க்காரரான கே. விநாயகம் ஆகியோரின் பெயர்களோடு சேர்ந்து நினைக்கப்படும் வடக்கெல்லைப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மறியல், கடையடைப்பு, தடியடி, சிறை எல்லாம் அதில் உண்டு. எல்லைத் தகராறைத் தீர்க்கும் நடுவராகப் பட்டாஸ்கர் வந்து, கிராமத்தை அலகாக வைத்து, எந்த ஊரில் எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்த ஊர் எதை ஒட்டிக் கிடக்கிறது என்று பார்த்துக் கோடு போட்டார். 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாற்றாகச் சத்தியவேட்டுப் பக்கத்து ஊர்கள் அங்கே போயின.

இந்த ஆறரை ஆண்டுகளில் திருத்தணி வட்டாரத்தில் இறந்தவர்கள் ஆந்திரத்தில் இறந்தவர்கள். அவர்களைப் புதைத்த இடுகாடுகள் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தன. இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்களின் சமாதிகளும், அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு ஊர்களில் தமிழர் சமாதிகளும் அப்படியே கிடந்தன. எல்லையைப் பற்றி அவ்வளவு சூடாகப் பேசிய காலத்தின் வரலாற்றில் இடுகாட்டுக் கற்களை உடைத்த அத்தியாயம் எதுவும் இல்லை. காரணம் எளிது. செத்தவர்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. பட்டாஸ்கர் எண்ணியது உயிரோடு இருந்தவர்களின் நாக்கை. கிராமக் கணக்கில் சுடுகாடு வெறும் புறம்போக்கு. ஊர் எந்த மாநிலத்துக்குப் போனதோ அந்த மாநிலத்துக்கு ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலத்தோடு அதுவும் போயிற்று.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்குக் கிழக்கே, கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1990 முதல் அங்கே வாழும் குடும்பங்கள் உண்டு. முகாமிலேயே பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. அவர்கள் விட்டுவந்த மண்ணிலும் எல்லைக்கான சண்டைதான் நடந்தது. ஆனால் அங்கே செத்தவர்கள் சாட்சிக்கு அழைக்கப்பட்டார்கள். முதலில் ஒரு தரப்பு அழைத்தது. பிறகு மறுதரப்பு அந்தச் சாட்சியைக் கலைத்தது.

விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது, அவை தொன்றுதொட்டு வந்த வழக்கம் போல ஒரு தோற்றம் எழுகிறது. அப்படி அல்ல. இயக்கத்தின் முதல் சாவு 1982 நவம்பர் 27 அன்று. சங்கர் என்ற அந்த இளைஞர் காயப்பட்டுக் கடல் கடந்து தமிழ்நாட்டில் உயிர்விட்டார். அந்த நாளையே மாவீரர் நாள் என்று 1989 முதல் கொண்டாடினார்கள். தொடக்கத்தில் உடல்களை எரித்தார்கள், அல்லது வீட்டாரிடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் எரிப்பதே வழக்கம். 1990-களின் தொடக்கத்தில் இயக்கம் அதை மாற்றியது: இனி உடல்கள் புதைக்கப்படும், வரிசை வரிசையாக, இயக்கத்தின் நிலத்தில், ஒரே அளவுக் கல்லறைகளில். யாழ்ப்பாணத்துக்கு அருகே கோப்பாயில் முதல் பெரிய துயிலுமில்லம் எழுந்தது. பிறகு எள்ளங்குளம், கொடிகாமம், கிளிநொச்சியில் கனகபுரம், முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளை, அளம்பில், விசுவமடு, மன்னாரில் ஆட்காட்டிவெளி, கிழக்கில் தரவை, தாண்டியடி, வாகரைக் கண்டலடி, கஞ்சிக்குடிச்சாறு. கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

இரண்டு வகைக் கற்கள் அங்கே இருந்தன. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை. கிடைக்காதவருக்கு வெறும் கல், அதற்கு நடுகல் என்றே பெயர் வைத்தார்கள். தமிழ் படித்தவர்கள் இதில் மயங்கிப்போவது இயல்பு. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்ற வரிசை நமக்குப் பாடம். செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் பதிப்பித்தபோது அந்த இலக்கணத்துக்குக் கண்முன் சான்றுகள் கிடைத்தன. வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி என்று நம் வடபுலம் முழுக்க ஆகோள் சண்டையில் செத்தவனுக்குக் கல் நிற்கிறது. ஆனால் அந்த நடுகல்லுக்கும் துயிலுமில்லக் கல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு அவன் ஊரும் உறவும் கல் நட்டார்கள். பிற்காலத்தில் அவன் பெயர் மறந்து, வேடியப்பன் என்று கும்பிட்டார்கள், பொங்கல் வைத்தார்கள். கல் ஊரின் சொத்து. கோப்பாயிலும் கனகபுரத்திலும் கல் இயக்கத்தின் சொத்து. எந்த அளவு, எந்த எழுத்து, எந்த நேரத்தில் விளக்கு என்பதையெல்லாம் இயக்கம் முடிவு செய்தது. நவம்பர் 27 மாலை 6.05-க்கு மணி, 6.06-க்கு மௌனம், 6.07-க்குச் சுடர். தாய்க்கு அந்த ஒழுங்கில் ஓர் இடம் உண்டு, கல்லறைக்கு முன்னால், கையில் விளக்கோடு. பிள்ளையின் உடலை வீட்டு முற்றத்தில் கிடத்தி, மார்பில் அடித்து அழுது, எங்கே கொண்டுபோவது என்று உறவோடு முடிவு செய்யும் உரிமை மட்டும் அவளிடமிருந்து போய்விட்டது.

இதில் ஒரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுடலைகள் சாதிவாரியாகப் பிரிந்தவை. துயிலுமில்ல வரிசையில் வெள்ளாளரும் பள்ளரும், சைவரும் கிறித்தவரும், ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். நம் பக்கத்தில் இன்னும் நடக்காத காரியம் அது. வாணியம்பாடிக்கு அருகே 2019 ஆகஸ்டில் தலித் ஒருவரின் உடலைப் பாதை மறுக்கப்பட்டதால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படம் வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதுவும் நம் வடபுலத்து ஊர்தான். மாநில எல்லைக்காக இடுகாட்டைத் தொடாத நாம், சாதி எல்லைக்காக இடுகாட்டுப் பாதையை மறிக்கிறோம்.

சாதியை அழித்த அந்த வரிசை, வேறு சிலரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1986-இல் புலிகள் டெலோ இயக்கத்தாரைக் கொன்றபோது அவர்களும் அதே ஈழத்துக்காக ஆயுதம் எடுத்த பிள்ளைகள்தான். அவர்களுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜினி திரணகமவுக்கும் கிடையாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோது செத்தவர்களை, அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் விட்டுப்போன மையவாடிகளை, இந்த நிலத்தின் சாவுக் கணக்கில் யாரும் எழுதவில்லை. 2006-க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டவர்களும் துயிலுமில்லத்தில் மாவீரர் என்றே கிடந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விரும்பிச் செத்தார்கள் என்று கல்லில் எழுதவில்லை. ஆக, துயிலுமில்லம் துக்கத்தின் இடமாகவும் இருந்தது, பட்டாவாகவும் இருந்தது: இந்த மண்ணில் எங்கள் பிள்ளைகள் கிடக்கிறார்கள், ஆகவே இந்த மண் எங்களுடையது. இறந்தவரை எல்லைக்கல்லாக நட்ட முதல் கை தமிழர் கைதான். இதைச் சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1995 அக்டோபரில் தொடங்கிய சூரியக்கதிர் நடவடிக்கையில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. டிசம்பர் 5 அன்று கொடியேற்றியது. குடாநாட்டுத் துயிலுமில்லங்கள் அதன் கைக்கு வந்தன. கோப்பாயும் மற்றவையும் இடிக்கப்பட்டன. கல்லறையை இடிப்பது போரின் ஆத்திரத்தில் நடக்கும் வேலை என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். குண்டு விழுந்து சிதைந்தால் அப்படிச் சொல்லலாம். பிடித்த ஊரில், எதிரி போய்விட்ட பிறகு, எந்திரம் கொண்டுவந்து வரிசை வரிசையாகத் தரைமட்டமாக்குவதற்கு ஆத்திரம் போதாது. உத்தரவும் டீசலும் வேண்டும்.

2002 போர்நிறுத்தத்தில் புலிகள் திரும்பவும் யாழ்ப்பாணத்துக்குள் வந்தார்கள். கோப்பாயை மறுபடி கட்டினார்கள். அங்கே கள ஆய்வு செய்த இத்தாலிய மானிடவியலாளர் கிறிஸ்டியானா நத்தாலி ஒரு விவரத்தைப் பதிவு செய்திருக்கிறார்: உடைத்த பழைய கல்லறைகளின் சில்லுகளை வாசலருகே கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தார்கள். உடைத்தவனின் செயலையே இன்னொரு நினைவுச் சின்னமாக மாற்றிய சாமர்த்தியம் அது. இடித்ததனால் கோப்பாயின் எடை கூடிற்று, குறையவில்லை. ஆனால் ஒரு கேள்வி எனக்கு நிற்கிறது. முதல் இடிப்பில் கல் போயிற்று. மண்ணுக்குள் இருந்த எலும்புகள் கலைந்தனவா, எந்த எலும்பு எந்தப் பெயருக்கு உரியது என்பதை மறுபடி கட்டியபோது எப்படித் தீர்மானித்தார்கள்? புதிய வரிசைகள் பழையவற்றைப் போலவே நேர்த்தியாக நின்றன. அந்த நேர்த்தியே சந்தேகத்தைத் தருகிறது. தாய் ஒருத்தி தன் பிள்ளை என்று நம்பி விளக்கு வைத்த இடத்தில் வேறொருத்தியின் பிள்ளை கிடந்திருக்கலாம். இயக்கத்துக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. அதற்கு வரிசை வேண்டும், எண்ணிக்கை வேண்டும்.

இரண்டாம் இடிப்பு 2009 மே மாதத்துக்குப் பிறகு. இம்முறை எல்லாவற்றையும். கனகபுரத்தில் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் கல்லறைகள் இருந்தன. கிழக்கில் இராணுவம் முன்னேறிய 2006, 2007-ஆம் ஆண்டுகளிலேயே அங்கிருந்தவை போய்விட்டன. கோப்பாயில் இடித்த நிலத்தின் மேலேயே இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைக் கட்டி 2011 மார்ச்சில் திறந்தார்கள். நிலம் இல்லாமல் போனதால் அங்கே கட்டினார்கள் என்று நம்ப முடியாது. அந்த நாளில் குடாநாட்டில் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இராணுவத்தின் பிடியில்தான் இருந்தது. கொடிகாமம், அளம்பில், விசுவமடு போன்ற இடங்களிலும் துயிலுமில்ல நிலத்தில் முகாம்கள் அமர்ந்தன. கிளிநொச்சி நகரில் அதே காலத்தில் வெற்றிச் சின்னம் ஒன்று எழுந்தது: பிளவுபட்ட கான்கிரீட் பாளம், அதைத் துளைத்த குண்டு, மேலே ஒரு தாமரை. ஆனையிறவில் 1991-இல் புலிகளின் கவசப் புல்டோசரைத் தடுத்துச் செத்த சிங்களப் படைவீரனுக்கு, அந்தப் புல்டோசரையே சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வீரனின் தாய்க்கும் பிள்ளைதான் போனான், அவனுக்குச் சின்னம் இருக்கட்டும். ஆனால் ஒரே சாலையில் ஒருவனுக்குச் சின்னம், இன்னொருவன் கிடந்த இடத்தில் படைமுகாம் என்றால், அது நிலத்தில் எழுதிய எல்லைப் பத்திரம் என்றே அர்த்தம். எதிரியின் பத்திரத்தைக் கிழித்துத் தன் பத்திரத்தை அதன் மேலேயே எழுதியது அரசு.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இலங்கையின் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது. மகாவம்சத்தின்படி நாற்பத்துநான்கு ஆண்டுகள் அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைத் துட்டகைமுனு போரில் வென்று கொன்றான். கொன்ற பிறகு, விழுந்த இடத்திலேயே இறுதிச் சடங்கு செய்து, அங்கே ஒரு சின்னம் கட்டி, அதைக் கடந்து போகிறவர்கள் மரியாதை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டான். அரச ஊர்வலங்கள் அந்த இடம் வந்ததும் வாத்தியத்தை நிறுத்தும் வழக்கம் தன் காலத்திலும் இருந்ததாக மகாவம்ச ஆசிரியர் எழுதுகிறார். 1818 கிளர்ச்சியில் வெள்ளையரிடமிருந்து தப்பியோடிய கண்டிப் பிரபு பிலிமத்தலாவை, அந்த இடம் வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தாராம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவனும் எதிரி மன்னனின் சமாதிக்கு முன்னால் நடக்கிறான்! சிங்கள பௌத்தப் பெருமிதத்தின் மூலநூலே இந்தக் கதையை வைத்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

அந்தச் சமாதிக்கு என்ன ஆயிற்று? அநுராதபுரத்தின் தென்புறத்தில் எல்லாளன் சமாதி என்று மக்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த ஒரு பெரிய மேடு உண்டு. 1940-களில் தொல்லியல் துறையின் பரணவிதான அதைத் தோண்டி, அது தக்கிண தூபம் என்ற பௌத்தத் தூபி என்றார். பிறகு அங்கே கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவின் சாம்பல் என்றே ஒரு கட்சி எழுந்தது. 1970-களின் இறுதியில் அது அரசு ஆதரவோடு பெரும் பேச்சாயிற்று. வென்றவன் தோற்றவனுக்கு எழுப்பிய சமாதி, வென்றவனின் சமாதியாகவே மாறிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆய்வாளர் ஜேம்ஸ் தே. இரத்தினம் இதை மறுத்து 1981-இல் ஒரு சிறு நூல் எழுதினார். தொல்லியல் தீர்ப்பு சரியா தவறா என்பதில் நான் தலையிடவில்லை. தூபியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கல்லும் உடைக்காமல், ஒரு பெயர்ப்பலகையை மாற்றியே ஒரு சமாதியை இல்லாமல் ஆக்கலாம் என்பதற்கு அது உதாரணம். கோப்பாயின் புல்டோசரைவிட அது சத்தம் குறைந்த வேலை.

உலகில் கோப்பாய்க்கு நெருங்கிய சோடி ஜூல்ஃபா. அராஸ் ஆற்றங்கரையில், அசர்பைஜானின் நக்சிவான் பகுதியில், ஆர்மீனியர்களின் இடுகாடு ஒன்று இருந்தது. சிலுவையும் பின்னல் வேலைப்பாடும் செதுக்கிய கச்கார் கற்கள். ஒரு காலத்தில் பத்தாயிரம் வரை நின்றதாகப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எழுதுகிறார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றில் சில ஆயிரமே மிஞ்சியிருந்தன. 1998-இலும் 2002-இலும் ஒரு பகுதியை அழித்தார்கள். 2005 டிசம்பரில் அசர்பைஜான் படையினர் சம்மட்டியோடு வந்து மீதியை உடைத்து, லாரியில் ஏற்றி, ஆற்றில் கொட்டினார்கள். ஆற்றுக்கு அப்பால் ஈரான். அங்கிருந்து தப்ரீஸ் ஆர்மீனிய ஆயர் அதைப் படம்பிடிக்க வைத்தார். பிறகு அந்த இடம் இராணுவத்தின் துப்பாக்கி சுடும் திடலாயிற்று. அரசோ அங்கே ஆர்மீனிய இடுகாடே இருந்ததில்லை என்றது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம், கற்கள் போனது உண்மை என்று 2010-இல் அறிவித்தது. அதே ஆண்டு யுனெஸ்கோ கச்கார் செதுக்கும் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடைந்த கற்களுக்கு அது பயன்படாத மரியாதை. ஆர்மீனியர் கையில் அக்தாம் நகரம் இருந்த ஆண்டுகளில் அசர்பைஜானியரின் கல்லறைகளும் தோண்டிச் சிதைக்கப்பட்டன என்பதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். கோப்பாய்க்கும் ஜூல்ஃபாவுக்கும் பொதுவான ஒன்று: இடித்த இடத்தை இரண்டு அரசுகளும் இராணுவத்திடமே கொடுத்தன. விளையாட்டு மைதானமோ பள்ளிக்கூடமோ கட்டியிருந்தால் ஊரார் உள்ளே போக வழி கிடைக்கும். முகாம் என்றால் வேலி உண்டு, காவல் உண்டு. மகனின் இடத்தைத் தேடி ஒருத்தியும் உள்ளே வர முடியாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1949 ஜெனீவா உடன்பாடுகளில் முதலாவது, எதிரிப் படையினரின் கல்லறைகளை மதித்து, குறியிட்டு, பராமரிக்க வேண்டும் என்கிறது. அது நாடுகளுக்கிடையிலான போருக்கு. உள்நாட்டுப் போருக்கு வந்தால் எழுத்தில் உள்ள கடமை மெலிகிறது; 1977-இன் இரண்டாம் கூடுதல் நெறிமுறையை இலங்கை ஏற்கவும் இல்லை. ஆனால் இறந்தவரைக் கண்ணியமாக அடக்கம் செய்து கல்லறையை மதிக்க வேண்டும் என்பதை இரண்டு வகைப் போர்களுக்கும் பொதுவான வழக்காற்றுச் சட்டம் என்றே செஞ்சிலுவைச் சங்கம் 2005-இல் தொகுத்தது. இன்னும் எளிய சட்டம் கையருகே இருக்கிறது. இடுகாட்டில் அத்துமீறி நுழைந்து உறவினர் மனத்தைப் புண்படுத்துவதை நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு குற்றமாக்கியது. இப்போது நியாய சம்ஹிதையில் அது 301. இலங்கையின் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அதே வெள்ளைக்காரச் சட்டத்தின் வழிவந்தது. அதிலும் இணையான பிரிவு உண்டு. பயங்கரவாதிக்குப் பொருந்தாது என்று எந்தச் சட்டத்திலும் விலக்கு எழுதப்படவில்லை. திருகோணமலை நிலாவெளிச் சாலையில் இரண்டாம் உலகப்போரில் இறந்த பிரித்தானியப் படையினரின் கல்லறைத் தோட்டம் முப்பது ஆண்டுப் போரையும் தாண்டி நிற்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் இருப்பது போலவே ஒழுங்காக வெட்டிய புல். அந்தக் கல்லறைகள் யாருடைய நிலத்துக்கும் உரிமை கோரவில்லை.

தெற்கிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1971-இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் எடுத்து, ஆயிரக்கணக்கில் கொன்றும் செத்தும் போன ஜனதா விமுக்தி பெரமுன, தன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்ட நவம்பர் 13-ஐ ஆண்டுதோறும் கொழும்பில் வெளிப்படையாக நினைவுகூர்கிறது. அதன் இன்றைய தலைவர் 2024 செப்டம்பரில் நாட்டின் ஜனாதிபதியானார். அதே நவம்பரில், பதினான்கு நாள் கழித்து, வடக்கில் விளக்கேற்ற நீதிமன்றத் தடையும் புலனாய்வாளரின் கேமராவும் பல ஆண்டுகள் வந்தன. 2020-இல் நவம்பர் 29 அன்று திருக்கார்த்திகை வந்தபோது வீட்டு வாசலில் வைத்த விளக்கையும் அணைக்கச் சொன்ன சம்பவங்கள் உண்டு. முருகனுக்கான விளக்கா மாவீரருக்கான விளக்கா என்று பிரித்துப் பார்க்கும் வேலை போலீசுக்கு வந்துவிட்டது. அதே 2020-இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொன்ன பிறகும், பச்சைக் குழந்தையின் உடலைக்கூட எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. புதைத்தவர்களின் கல்லறையை இடித்த அரசு, புதைக்க வேண்டியவர்களை எரிக்கவும் செய்தது. இரண்டிலும் உடல் யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி, இரண்டிலும் குடும்பத்துக்கு இல்லை என்பதே விடை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைத் தள்ளி நின்று பார்க்க முடியாது. தஞ்சைக்கு அருகே விளாரில் பழ. நெடுமாறன் முயற்சியில் முள்ளிவாய்க்கால் முற்றம் 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. சில நாள்களில், நெடுஞ்சாலைத் துறை நிலத்தை ஆக்கிரமித்ததாகச் சொல்லி, அதன் சுற்றுச்சுவரையும் முன்புறப் பூங்காவையும் நம் அரசே இடித்தது. 2021 ஜனவரி 8 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை இடித்தபோது சொன்ன காரணமும் அனுமதி பெறாத கட்டுமானம் என்பதே. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; மூன்றாம் நாள் துணைவேந்தரே வந்து அடிக்கல் நட்டார்; ஏப்ரலில் புதிய தூண் எழுந்தது. சென்னையில் அன்று கண்டன அறிக்கைகள் குவிந்தன. விளார் சுவரைப் பற்றி ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதே அளவு சினம் நம் கட்சிகளிடம் வரவில்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் எதையும் இடிக்கலாம் என்ற பழக்கம் இரண்டு கரைகளிலும் ஒன்றுதான்.

2016 நவம்பரில் கிளிநொச்சி மக்கள் கனகபுரத்துக்குள் நுழைந்தார்கள். இராணுவம் அந்த நிலத்தை விட்டிருந்தது. பற்றையை வெட்டி, மண்ணில் புதைந்திருந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி நடுவில் குவித்தார்கள். எந்தத் துண்டு யாருடையது என்று தெரியாது. பெற்றோர் நினைவை வைத்து, வாசலிலிருந்து இத்தனையாவது வரிசை, இடப்பக்கம் இத்தனையாவது என்று எண்ணி ஓரிடத்தில் நின்றார்கள். சிலர் சரியாக நின்றிருக்கலாம். கோப்பாயில் அதற்கும் வழியில்லை. படைத்தலைமையகத்துக்கு எதிரே, வெளியே, விளக்கு வைக்கிறார்கள். 2024 நவம்பரில் புதிய அரசு, உறவினரை நினைவுகூரத் தடையில்லை, புலிச்சின்னம் மட்டும் கூடாது என்றது. முன்னேற்றம்தான். ஆனால் தடை நீங்கிய இடத்தில் அரசியல்வாதிகளும் இயக்கப் பழையவர்களும் வந்து, யார் பொதுச்சுடர் ஏற்றுவது என்று சண்டை போடும் செய்திகளும் வருகின்றன. தாய் மறுபடியும் வரிசையில் நிறுத்தப்படுகிறாள்.

அந்தச் சண்டையைப் பார்க்கும்போது செம்மணி நினைவுக்கு வருகிறது. 1998-இல் பள்ளி மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைவீரர் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்த இடம் தெரியும் என்றார். மறு ஆண்டு பதினைந்து உடல்களை எடுத்ததோடு நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் அதே செம்மணிப் பக்கத்து அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. மே முதல் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தார்கள். செப்டம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், சில குழந்தைகளுடையவை. ஒவ்வொன்றுக்கும் எண், படம், உடன் கிடந்த செருப்பு, பொம்மை, பள்ளிப்பை வரை பதிவு. பெயரில்லாமல் கிடந்தவர்களுக்குப் பெயர் தேடும் அந்த நிதானம், பெயரோடு கிடந்தவர்களின் பெயரை அழித்த அதே குடாநாட்டில், கோப்பாயிலிருந்து சில கிலோமீட்டரில் நடக்கிறது.

இலங்கையில் மயானங்களை 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் பார்த்துக்கொள்கின்றன. எந்தக் கட்சியும் எந்தப் படையும் அவற்றுக்குச் சொந்தக்காரர் அல்ல. துயிலுமில்ல நிலங்களை இராணுவம் விட்டு, இயக்க வாரிசுகளும் விட்டு, அந்தந்தப் பிரதேச சபையின் மயானப் பதிவேட்டில் ஏற்றினால், கல் வைப்பதா, செவ்வரத்தை நடுவதா, ஒன்றும் வைக்காமல் விடுவதா என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கும். கோப்பாயில் முதலில் ஒரு கட்டடத்தை இடிக்க வேண்டியிருக்கும். இடிக்கும் எந்திரமும் ஆட்களும் அரசிடம் இருப்பது இருமுறை நிரூபணமானது.